டாக்டர் ஹேமாம்புஜம் திரும்பப் பெற்ற கட்டுரை

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத் தலைவர் திரு. ராஜகோபால் அவர்களே, எனக்கு முன்னால் பேசி அமர்ந்திருக்கும் கண் மருத்துவர் டாக்டர் தாவீது அவர்களே, அம்மையாரின் தம்பி திரு. யதிராஜன் அவர்களே, குடும்பத்தாரே, தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, எங்கள் கல்லூரி நண்பர்களே! உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

என் பெயர் வெங்கடேசன். திருப்புட்குழிக்காரன். மருத்துவக் கல்லூரியில் நோய்க்கூறியல் துறையில் இருக்கிறேன். சதையை மெல்லியதாகச் சீவிக் கண்ணாடித் துண்டில் ஒட்டி, மைக்ரோஸ்கோப்பில் குனிந்து பார்ப்பது என் வேலை. நிமிர்ந்து நின்று பேசிப் பழக்கமில்லை. தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சற்று முன் டாக்டர் தாவீது அவர்கள், "பேராசிரியர் டாக்டர் ஹேமாம்புஜம் அம்மையார் தம் ஆராய்ச்சியில் ஒரு பிழையும் செய்யாதவர்" என்று சொன்னார். அன்பினால் சொன்னார். இறந்தவரைப் பற்றி அப்படிச் சொல்வதுதான் வழக்கம். ஆனால் டாக்டர் என்னை மன்னிக்க வேண்டும். அது உண்மையில்லை! அம்மையார் ஒரு பிழை செய்தார். பெரிய பிழை. அதில் அவருக்குக் கூட்டாளியாக இருந்தவன் நான். இன்று நான் பேச வந்திருப்பதே அந்தப் பிழையைப் பற்றித்தான். அதைச் சொல்லாமல் அவரைப் புகழ்ந்தால், நான் புகழ்வது வேறு யாரையோ ஆகிவிடும்.

அம்மையார் சின்ன காஞ்சிபுரத்தில் பிறந்தவர். வரதராஜப் பெருமாள் கோயில் மாட வீதியில், பிரபந்தமும் வடமொழியும் படித்துச் சொல்லிக்கொடுத்த குடும்பம். அந்த வீட்டுப் பெண் எலிகளோடு வேலை செய்யப் போனார். வெள்ளை எலிகள். அவற்றுக்கு ஓர் ஊசி போட்டால் சில நாட்களில் சர்க்கரை நோய் வந்துவிடும். அதன் பிறகு வாரக்கணக்கில் அவற்றின் விழித்திரையைக் கவனிக்க வேண்டும். விழித்திரை என்பது கண்ணின் உள்சுவரில் படிந்திருக்கும் மெல்லிய படலம். வெளிச்சத்தை வாங்கி மூளைக்குச் சொல்வது அதுதான். சர்க்கரை நோய் அந்தப் படலத்தைக் கெடுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ரத்தக் குழாய் கசிந்து, பார்வை மங்கிய பிறகு தெரியும். அம்மையார் கேட்ட கேள்வி வேறு. அதற்கும் முன்னால் என்ன நடக்கிறது? நோயாளிக்கு ஒன்றுமே தெரியாத அந்த முதல் நாட்களில் கண்ணுக்குள் எது முதலில் கெடுகிறது?

மனிதர் கண்ணை அறுத்துப் பார்த்து இதைத் தெரிந்துகொள்ள முடியாது. அதனால் எலிகள்.

அவருடைய உறவுக்கார அம்மாள் ஒருவர், என் முன்னாலேயே ஒருமுறை கேட்டுவிட்டார். "ஏண்டி ஹேமா, எலியெல்லாம் கொல்றியாமே? நம்மாத்துல பொறந்துட்டு இப்படி ஒரு காரியமா?"

அம்மையார் மழுப்பவில்லை. "கொல்றேன் மாமி. அதனாலதான் ஒண்ணுகூட அநாவசியமா போகக்கூடாதுன்னு பாக்கறேன்" என்றார்.

தொண்ணூற்று நான்கில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஆய்வைத் தொடங்கினோம். எலிகளுக்குச் சர்க்கரை நோயை வரவழைப்பதும் கண்ணில் எழும் மின் அலைகளைப் பதிவு செய்வதும் அவர் பொறுப்பு. விழித்திரையைச் சீவி, செல்களை எண்ணுவது என் பொறுப்பு. மூன்று ஆண்டுகள் அப்படி உழைத்தோம். கடைசியில் ஒரு முடிவு கிடைத்தது. எப்படிப்பட்ட முடிவு! சர்க்கரை நோய் வந்த நான்கே வாரத்தில், ரத்தக் குழாய்களில் ஒரு மாற்றமும் தெரியாதபோதே, வெளிச்சத்தை வாங்கும் செல்கள் கூட்டங்கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்தன. நானே எண்ணினேன். ஆரோக்கியமான எலிகளில் அப்படி ஒன்றும் இல்லை. இத்தனை சீக்கிரம் இத்தனை சேதத்தைக் கண்டதாக யார் சொன்னதையும் நாங்கள் அதுவரை படித்ததில்லை. ஒரு மாநாட்டில் அதைப் படித்தோம், கைதட்டினார்கள். ஒரு நல்ல இதழ் எங்கள் கட்டுரையை ஏற்றுக்கொண்டது. கட்டுரையின் அச்சுப்படி சரிபார்க்க வந்துவிட்டது. அந்த ஆண்டு நான் பேராசிரியர் பதவி உயர்வுப் பட்டியலில் இருந்தேன். அந்தக் கட்டுரை வெளிவந்தால் எனக்குக் கிடைத்துவிடும் என்று துறையில் எல்லோருமே பேசிக்கொண்டார்கள்.

அப்போதுதான் தர்மன் வாயைத் திறந்தார்.

தர்மனை இங்கே பலருக்குத் தெரியாது. அதோ, வாசல் பக்கத்துத் தூணை ஒட்டி நிற்கிறாரே, அவர்தான். எங்கள் விலங்குக் கூடத்தில் இருபத்தாறு ஆண்டுகளாக எலிகளைப் பராமரிக்கிறவர். அன்றைக்குக் காலை பத்து மணி இருக்கும். அம்மையாரும் நானும் அச்சுப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தர்மன் வந்து கதவோரம் நின்றார்.

"மேடம், ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த சக்கரை எலிங்கல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கினு, மூலைல மூஞ்சிய மறைச்சிக்கினே கெடக்குது மேடம். கீழ் தட்டு எலிங்க அப்படி இல்ல."

"நோய் வந்த எலி சோர்ந்துதான் கிடக்கும் தர்மன்" என்றேன் நான்.

"அதான் சார் நானும் நெனச்சிக்கினு இருந்தேன். ஆனா போன வாரம் எடம் பத்தலன்னு நல்ல எலி ரெண்டு கூண்ட மேல தூக்கி வச்சேன். அதுங்களும் அப்படியே மூஞ்சிய மறைச்சிக்குது. லைட்டு கூசுதோன்னு தோணுச்சு. வேற ஒண்ணும் இல்ல."

அம்மையார் கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்தார். எழுந்து விலங்குக் கூடத்துக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

அவையோரே, நடந்தது இதுதான். சர்க்கரை நோய் வந்த எலி நிறையத் தண்ணீர் குடிக்கும், நிறையச் சிறுநீர் கழிக்கும். கூண்டில் பரப்பும் உமியை நாளுக்கு இரண்டு முறை மாற்ற வேண்டும். குனியாமல் மாற்ற வசதியாக இருக்கட்டும் என்று அந்தக் கூண்டுகளை எல்லாம் ரேக்கின் மேல் தட்டில் வைக்கச் சொன்னது யார்? நாங்கள்தான். ஆரோக்கியமான எலிகள் கீழ்த் தட்டுகளில். மேல் தட்டுக்கு ஒரு முழ உயரத்தில் ட்யூப்லைட். வெள்ளை எலியின் கண்ணில் நிறமி கிடையாது, வெளிச்சத்தைத் தடுக்க அதற்கு வழியில்லை. பிரகாசமான வெளிச்சம் நாள்முழுக்கப் பட்டால், சர்க்கரை நோய் இல்லாமலேயே அதன் விழித்திரை கெடும். அது எங்கள் இருவருக்கும் புத்தகத்தில் படித்துத் தெரிந்த விஷயம்தான். தெரிந்து என்ன பயன்? தலைக்கு மேலே எரிந்த விளக்கை மூன்று ஆண்டுகளில் ஒருநாள்கூட நாங்கள் அண்ணாந்து பார்க்கவில்லையே!

அம்மையார் அன்றைக்கே இந்த ஊரில் கல்யாணப் படம் எடுக்கும் ஸ்டுடியோ ஒன்றில் இருந்து வெளிச்சம் அளக்கும் கருவியை இரவல் வாங்கி வந்தார். அளந்தால், கீழ்த் தட்டைவிட மேல் தட்டில் வெளிச்சம் பத்து மடங்கு. பிறகு ஆறு நல்ல எலிகளை, ஊசி எதுவும் போடாமல், நான்கு வாரம் மேல் தட்டில் வைத்தார். அவற்றின் விழித்திரையை நான்தான் சீவிப் பார்த்தேன். அதே அடுக்கில் அதே செல்கள் செத்துக் கிடந்தன.

நாங்கள் கண்டுபிடித்தது சர்க்கரை நோயை அல்ல, ட்யூப்லைட்டை!

இப்போது சிரிக்கிறீர்கள். அன்றைக்கு எங்களில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அந்த ஆறு எலிகளின் முடிவு தெரிந்த பிற்பகலே அம்மையார் இதழுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார், கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக. நான் அவர் மேசை முன் நின்று கத்தினேன். ஆமாம், கத்தினேன். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், துறைத் தலைவர் ஆகப் போகிறவர். எதையும் நினைக்கவில்லை.

"என்னா மேடம் இது? மூணு வருஷ உழைப்பு மேடம். ஆறு எலிய வச்சி எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடுவீங்களா? சக்கரையும் கொஞ்சம் காரணமா இருக்கலாம் இல்ல?"

"இருக்கலாம். எவ்வளவுன்னு உங்களால சொல்ல முடியுமா?"

"இப்ப முடியாது. அச்சுல வரட்டும். அப்புறமா இன்னொரு கட்டுரை எழுதி விளக்கிக்கலாம். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

"அதுக்குள்ள இதை நம்பி இன்னும் எத்தனை பேர் எத்தனை எலியை வாங்குவா வெங்கடேசன்?"

"மூணு வருஷம் மேடம்!" என்றேன் மறுபடியும்.

அவர் குரலை உயர்த்தவே இல்லை. "நமக்கு மூணு வருஷம்தான் போச்சு. நூத்துப் பதினெட்டு எலி செத்திருக்கு. அத்தனையையும் கொன்னுட்டு, கடைசில ஒரு பொய்யைச் சொல்லி முடிக்கச் சொல்றீங்களா?"

பதில் இல்லாதபோது மனிதன் என்ன செய்வான்? கோபித்துக்கொள்வான். நான் அறையை விட்டு வெளியே போனேன். கட்டுரை திரும்ப வந்தது. என் பதவி உயர்வு போனது. துறைத் தலைவர் பதவி அம்மையாருக்குப் போகவில்லை, வேறொருவருக்குப் போனது. மாநாட்டில் கைதட்டியவர்களில் சிலர், "விளக்கு எரிவதைக்கூடப் பார்க்காதவர்கள்" என்று எங்களைப் பற்றிப் பேசினார்கள். அது உண்மைதான் என்பதால் இன்னும் எரிந்தது. அதன் பிறகு பத்து மாதம் நான் அவரிடம் பேசவில்லை. ஒரே பேருந்தில் காஞ்சிபுரத்தில் இருந்து கல்லூரிக்குப் போனோம், வந்தோம். அவர் முன்னால் செவிலிமேடு ஊர்ப் பெண்களோடு உட்கார்ந்திருப்பார். நான் பின்னால் உட்கார்ந்து ஜன்னலைப் பார்ப்பேன்.

மாநாட்டில் படித்த முடிவு தவறு என்று இதழுக்கு அவர் எழுதிய திருத்தக் கடிதம் பின்னர் அச்சில் வந்தது. அதில் ஒரு வரி: "இத்தவற்றைக் கண்டுபிடித்தவர் விலங்குக் கூட ஊழியர் திரு. தர்மன்." பட்டம் இல்லாதவர் பெயரைப் போட வேண்டாம் என்று கல்லூரி அலுவலகத்தில் சொல்லிப் பார்த்தார்கள். "அப்போ பட்டம் இருக்கிற எங்க ரெண்டு பேர்ல யார் கண்டுபிடிச்சோம்னு எழுதட்டும்?" என்று கேட்டாராம். அதோடு விட்டுவிட்டார்கள்.

பத்து மாதம் கழித்து ஒருநாள் அவரே என் அறைக்கு வந்தார். கையில் ஒரு மரப்பெட்டி நிறைய ஸ்லைடுகள். இடைப்பட்ட காலத்தில் ஆய்வை மறுபடி முதலில் இருந்து செய்திருக்கிறார். மங்கிய வெளிச்சம். வாரத்துக்கு ஒருமுறை எல்லாக் கூண்டுகளும் தட்டு மாறும். மேலே இருந்தது கீழே, கீழே இருந்தது மேலே.

"வெங்கடேசன், இதை நீங்கதான் எண்ணித் தரணும்."

"ஏன், வேற ஆள் இல்லியா?" என்றேன். வேண்டுமென்றே முரட்டுத்தனமாகக் கேட்டேன்.

"இருக்கா. ஆனா நம்ம பழைய முடிவு நிஜமா இருக்கணும்னு உங்க அளவுக்கு ஆசைப்படறவா யாரும் இல்லை. அந்த ஆசையோடயே எண்ணுங்க. ஆனா எது எந்த எலின்னு உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. நம்பர் போட்டு ஒட்டினவர் தர்மன். பட்டியல் அவர்கிட்ட இருக்கு."

பெரியோர்களே, தன்னிடம் பத்து மாதம் முகம் கொடுத்துப் பேசாதவனை, தன் திருத்தம் பொய்யாக வேண்டும் என்று நினைக்கிறவனை, தேடி வந்து நீதிபதியாக உட்கார வைக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? எனக்கு வராது. இன்றைக்கும் வராது.

மூன்று மாதம் எண்ணினேன். ஒவ்வொரு ஸ்லைடிலும், இது சர்க்கரை எலியாக இருக்கட்டும், செல்கள் செத்திருக்கட்டும் என்று மனத்துக்குள் வேண்டிக்கொண்டே எண்ணினேன். முடிந்ததும் மூவரும் உட்கார்ந்து தர்மனின் பட்டியலோடு ஒப்பிட்டோம். நான்காவது வாரத்தில் சர்க்கரை எலிக்கும் நல்ல எலிக்கும் செல் கணக்கில் ஒரு வித்தியாசமும் இல்லை. ஒன்றுமே இல்லை! எங்கள் பழைய முடிவு சுத்தமாக அழிந்தது. என் கையாலேயே அழிந்தது.

நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மையார் மெதுவாகச் சொன்னார்: "இப்போ நீங்க சொன்னா எல்லாரும் நம்புவா."

அன்றைக்குத்தான் என் கோபம் போயிற்று. ஆனால் மன்னிப்புக் கேட்டேனா? கேட்கவில்லை. "காபி சாப்பிடலாமா மேடம்?" என்றேன். அவரும் வந்தார். ஏழு ஆண்டுகள் அதற்குப் பிறகு ஒன்றாக வேலை செய்தோம். அந்த ஏழு ஆண்டுகளில் ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. இன்று இத்தனை பேர் முன்னால் கேட்கிறேன். கேட்க வேண்டியவர் இல்லை.

பொறுத்துக்கொள்ளுங்கள். மீதியைச் சொல்லிவிடுகிறேன்.

செல்கள் சாகவில்லை. ஆனால் எட்டாவது வாரத்தில் அம்மையாரின் மின் அலைப் பதிவில் ஒரு சின்ன விஷயம் தெரிந்தது. கண்ணில் வெளிச்சம் பட்டதும் விழித்திரையில் அலைகள் எழும். பெரிய அலைகளின் முதுகில் குட்டி அலைகள் சில ஏறி வரும். சர்க்கரை எலிகளில் அந்தக் குட்டி அலைகள் சில மில்லிசெகண்ட் தாமதமாக வந்தன. விழித்திரையைச் சீவிப் பார்த்தால் ரத்தக் குழாய் நன்றாக இருக்கிறது, செல் எண்ணிக்கை நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த எலியின் கண் பதில் சொல்லத் தயங்குகிறது! எனக்கு மறுபடி ஆசை வந்துவிட்டது. "நரம்புதான் மொதல்ல கெடுதுன்னு எழுதிடலாம் மேடம்" என்றேன். "கெடுதுன்னு தெரியாது. தாமதமாறதுன்னுதான் தெரியும். அதை மட்டும் எழுதுங்கோ" என்றார். அதை மட்டும் எழுதினோம். கைதட்டல் எதுவும் இல்லை. எனக்குப் பதவி உயர்வு நான்கு ஆண்டு தள்ளித்தான் வந்தது.

ஆனால் ஒரு கடிதம் வந்தது. வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்து முகம் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார். நாங்கள் மாநாட்டில் படித்த முதல் முடிவை நம்பி அவர்கள் பெரிய ஆய்வு ஒன்றைத் தொடங்கியிருக்கிறார்கள். திருத்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டுத் தங்கள் ரேக்கைப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். அங்கேயும் அப்படியே! பாதியில் நிறுத்தி, விளக்கை மாற்றி, புதிதாகத் தொடங்கியதாக எழுதி, நன்றி சொல்லியிருந்தார்கள். அம்மையார் அந்தக் கடிதத்தைத் தர்மனுக்குத் தமிழில் படித்துக் காட்டினார்.

இந்த மண்டபத்துக்கும் அவருக்கும் என்ன தொடர்பு என்று உங்களில் இளையவர்கள் கேட்கலாம். இரண்டாயிரத்து ஒன்றில் தலைவர் ராஜகோபால் அவர்கள், சர்க்கரை நோய் பற்றிப் பேச அம்மையாரை இங்கே அழைத்தார். பேசி முடித்ததும் ஓர் அம்மாள் எழுந்து கேட்டார். அவர் இப்போது மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். தேவகி அம்மா, பெயரைச் சொல்லலாம்தானே? சொல்லச் சொன்னது நீங்கள்தான்.

"எலிக்கு வந்தா எங்களுக்கும் வருமாம்மா?" என்று கேட்டார் தேவகி அம்மா.

வேறு யாராக இருந்தாலும், "வரும், ஜாக்கிரதை" என்று பயமுறுத்தியிருப்பார்கள். அம்மையார் சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. "எலிக்கு என்ன ஆச்சுன்னு என்னால சொல்ல முடியும். உங்களுக்கு என்ன ஆகும்னு எலியை வச்சிச் சொல்ல முடியாது. உங்க கண்ணைப் பார்த்தாதான் சொல்ல முடியும். அதுவும் நல்லா தெரியறப்பவே பாக்கணும்."

அந்த ஒரு பதிலில் இருந்துதான் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை கண் பரிசோதனை இங்கே தொடங்கியது. டாக்டர் தாவீது அவர்கள் அன்றில் இருந்து ஒரு ஞாயிறும் தவறாமல் வருகிறார். முதல் ஞாயிறு தேவகி அம்மா கண்ணில் மருந்து ஊற்றவே விடவில்லை.

"எனுக்கு ஊசில நூலு கோக்கத் தெரியுதும்மா. ஜரிகை நூலு அறுந்தா பார்த்து முடி போடறேன். நல்லா இருக்கிற கண்ணுல எதுக்குமா மருந்து ஊத்தறீங்க?"

"நல்லா இருக்குன்னு நீங்க சொல்றீங்க. டாக்டரும் ஒருதரம் சொல்லிடட்டுமே" என்றார் அம்மையார், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு.

டாக்டர் பார்த்தார். நன்றாக இல்லை. இரண்டு கண்ணிலும் உள்ளே ரத்தம் கசிந்திருந்தது. இன்னும் சில மாதம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் தாவீது சொன்னதை நான் இங்கே திரும்பச் சொல்ல விரும்பவில்லை. சென்னையில் லேசர் சிகிச்சை செய்தார்கள். தேவகி அம்மா இன்றைக்கும் தறியில் உட்காருகிறார். இந்த மூன்று ஆண்டுகளில் இப்படி நாற்பத்தொரு பேர். எல்லோரும் "எனக்கு நன்றாகத் தெரிகிறது" என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள்தான்.

கடந்த மாதம் பதினேழாம் தேதி காலை, கல்லூரிக்குப் போகப் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தபோது அம்மையாருக்கு நெஞ்சுவலி வந்தது. மருத்துவமனைக்குப் போவதற்குள் உயிர் பிரிந்தது. ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம் இருந்தது.

அவர் நடத்திக்கொண்டிருந்த கடைசி ஆய்வு பாதியில் நின்றது. நோய் வந்த முதல் நாளில் இருந்தே இன்சுலின் கொடுத்துச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தினால், அந்தத் தாமதம் வராமல் தடுக்க முடியுமா? அதுதான் கேள்வி. முடியும் என்று அவர் மிகவும் எதிர்பார்த்தார். இருபத்து நான்கு எலிகள். எட்டாவது வாரப் பதிவு பத்தொன்பதாம் தேதி வந்தது. அவரைத் தகனம் செய்த மறுநாள்.

அன்று காலை ஏழு மணிக்கு என் வீட்டுத் தொலைபேசி ஒலித்தது. தர்மன்.

"சார், இன்னைக்கு எட்டாவது வாரம்."

"தெரியும் தர்மன். மனசே சரியில்ல. இன்னைக்கு வேணாமே" என்றேன்.

"எனுக்கு மட்டும் சரியா இருக்குதா சார்? நாளைக்குப் போனா கணக்குக்கு ஆவாது. அதுங்க அத்தனையும் வீணா பூடும். மேடம் ஒத்துக்குவாங்களா?"

போனோம். அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். தர்மன் ஒவ்வோர் எலியாகக் கொண்டுவந்து கொடுத்தார். இருபத்து நான்கையும் பதிவு செய்தோம். கடைசி எலியைக் கூண்டில் விட்டுக் கதவைச் சாத்தியதும் தர்மன் தரையில் உட்கார்ந்து அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அந்தப் பதிவுகள் இன்னும் என் மேசையில்தான் இருக்கின்றன. எது இன்சுலின் கொடுத்த எலி, எது கொடுக்காதது என்று எனக்குத் தெரியாது. முதலில் அளந்து எழுதி முடிப்பேன். பிறகுதான் தெரிந்துகொள்வேன். எங்களுக்குக் கற்கோயில் எழுப்பத் தெரியாது, சிலை வைக்க வசதியில்லை. ஆனால் இரண்டு வாக்குறுதிகள் தர முடியும். முதல் ஞாயிறு இங்கே நிற்காது. வருகிற ஞாயிறே நடக்கும். அவர் உட்கார்ந்த இடத்தில் நான் உட்கார்ந்து, கண்ணில் மருந்து ஊற்ற மறுக்கிறவர்களோடு மல்லுக்கட்டுவேன்.

இரண்டாவது, அந்த ஆய்வின் முடிவு. அவர் எதிர்பார்த்தபடியே வந்தால் எனக்கு எத்தனை மகிழ்ச்சியாக இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வராமலும் போகலாம். இறந்தவரின் கடைசி ஆசை பொய்த்தது என்று அறிவிக்க யாருக்கும் வாய் வராது. ஆனாலும் முடிவு அதுதான் என்றால், இதே மண்டபத்துக்கு வந்து, உங்கள் எல்லோர் முன்னாலும் நின்று, "அம்மையார் எதிர்பார்த்தது நடக்கவில்லை" என்று நான் சொல்வேன். ஹேமாம்புஜம் அம்மையாருக்கு என்னால் செய்ய முடிந்த மரியாதை அது ஒன்றுதான்.